இரண்டு உத்தமபுத்திரன், ஒரே சங்கீத டைரக்டர்!

சினிமாக் காட்சிக்கு இசை பிறந்த கதை

கச்சேரி நடக்கிறது. பாடுகிறவர் பி.யு.சின்னப்பா. பக்கத்தில் மிருதங்கம் வாசிக்கிறவரும் சின்னப்பா! மற்ற பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பாவே! ஒரே திரையில் ஐந்து சின்னப்பா!

1944-ம் ஆண்டு வெளிவந்த "ஜகதலப்பிரதாபன்" படத்தில் வரும் காட்சி இது. கம்ப்யூட்டர் என்ற சொல்லையே ஜனங்கள் கேட்டிராத காலம் அது.

"ஒரு ஆளை ஐந்து ஆளாகக் காட்டியது எப்படி?" என்று படம் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அது காமிராக்காரரின் வித்தை. காமிராவின் கண்ணில் ஒரு பக்கத்தை மறைத்துவிட்டு, மறு பக்கத்தை மட்டும் படம் பிடிப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, முன்பு மறைத்த பக்கத்தைத் திறந்து, மறுபடியும் படம் பிடிப்பார்கள். நடிகர் வேஷத்தை மாற்றிக்கொண்டு வந்து அடுத்த இடத்தில் உட்காருவார்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது.

பாட்டுக்காரச் சின்னப்பா தாளம் போடும்போது, மிருதங்கச் சின்னப்பாவின் கையும் சரியாக விழ வேண்டும். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் அங்கே உட்காரவில்லை. முதலில் ஒருவர், அவர் எழுந்துபோன பிறகு மற்றவர். ஒருவரை ஒருவர் பார்க்காத அந்த ஐந்து பேரையும் ஒன்றாகக் கட்டிப்போட்டது எது?

இசைதான்! எந்த இடத்தில் எந்த அடி விழும், எந்த இடத்தில் பாட்டு நிற்கும் என்பது முன்பே முடிவாகியிருந்தால்தான் இப்படி ஒரு காட்சியை எடுக்க முடியும். கச்சேரி மேடையில், பாடுகிறவர் பின்னால் வாத்தியம் போகும். இங்கேயோ பாடுகிறவரே இசையின் பின்னால் போக வேண்டும்.

சட்டை தைக்கிறவர் ஆளை நிறுத்தி அளவு எடுப்பார் அல்லவா? சினிமா இசையும் அப்படித்தான். ஆரம்ப காலத்தில் பாடுகிற நடிகரின் தொண்டைக்கு அளவெடுத்தார்கள். பிறகு காட்சிக்கு அளவெடுக்கத் தொடங்கினார்கள். அந்த மாறுதல் நடந்த காலம் சின்னப்பாவின் காலம்.

புதுக்கோட்டைப் பையன்

சின்னப்பா 1916-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். சொந்தப் பெயர் சின்னசாமி. தந்தை உலகநாத பிள்ளை ஒரு நாடக நடிகர். பெயருக்கு முன்னால் உள்ள "பி" என்பது ஊர். "யு" என்பது தந்தை.

பிள்ளைப் பருவத்திலேயே சின்னப்பா நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அவர் ராஜபார்ட் நடிகர். எம்.ஜி.ஆரும் சிறுவயதில் இருந்த கம்பெனி அது. நாடக மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். எட்டுக்கட்டையில் பாடினால்தான் ராஜபார்ட்.

பையன்களுக்கு ஒரு வயதில் குரல் உடையும். "மகரக்கட்டு" என்பார்கள். அது சின்னப்பாவுக்கும் வந்தது. பாட்டுப் போனால் நாடகத்தில் வேலை ஏது? அவர் ஊருக்குத் திரும்பினார். சிலம்பம், குஸ்தி என்று உடம்பை வளர்த்தார். குரல் மறுபடி கூடி வந்தது. 1936-ல் "சந்திரகாந்தா" படத்தில் சினிமாவுக்கு வந்தார்.

அவர் பிறந்த ஊர் தாளத்துக்குப் பெயர் போன ஊர். தெருக்களில் பஜனைக்கு வாசித்துக்கொண்டிருந்த கஞ்சிராவை, கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மாமுண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் மன்னர். "புதுக்கோட்டைப் பாணி" என்று லய வித்துவான்கள் இன்றும் மரியாதையோடு சொல்கிறார்கள். அந்த ஊரில் பிறந்தவர், திரையில் மிருதங்கத்தைத் தொட்டால் கை சும்மா ஆடினால் போதுமா? ஊரிலேயே சிரிப்பார்களே!

மரத்துக்குப் பின்னால் தபேலா!

தமிழில் பேசும் படம் வந்தது 1931-ல். முதல் படம் "காளிதாஸ்". அதில் ஏறக்குறைய 50 பாட்டுகள். 1934-ல் வந்த "பவளக்கொடி"யிலும் ஏறக்குறைய அத்தனை பாட்டுகள். அழுதால் பாட்டு; சிரித்தால் பாட்டு; கதவைத் திறந்தால் பாட்டு!

இத்தனை பாட்டுக்கும் புதிது புதிதாக மெட்டுப் போட யாரால் முடியும்? நாடகத்தில் பாடிப் பாடிப் பழகிய மெட்டுகள் இருந்தன. இந்திப் பட மெட்டுகள் இருந்தன. தியாகராஜர் கீர்த்தனை மெட்டுகளில் தமிழ்ச் சொற்களைப் போட்டும் பாடினார்கள். பாட்டு நன்றாக இருந்தால் போதும். காட்சிக்குப் பொருந்துகிறதா என்று அதிகம் பார்க்கவில்லை.

அன்று பாட்டை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? நடிகர் காமிரா முன்னால் நின்று பாடுவார். அப்போதே அங்கேயே குரலும் பதிவாகும். நடிகரின் தலைக்கு மேலே, காமிராவின் பார்வையில் படாமல் மைக் தொங்கும். ஆர்மோனியக்காரர், பிடில்காரர், தபேலாக்காரர் எல்லோரும் காமிராவுக்குப் பின்னாலோ, ஒரு மரத்துக்குப் பின்னாலோ மறைந்து உட்கார்ந்திருப்பார்கள். நடிகர் நடந்துகொண்டே பாடினால், அவர்களும் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே நகர வேண்டும். பாட்டு முடிகிற நேரத்தில் ஒரு காக்காய் கத்தினால் போதும். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும்!

இந்த முறையில் இசை அமைப்பவருக்கு ஒரு பெரிய கட்டுப்பாடு உண்டு. கதாநாயகனுக்கு எந்த ராகம் வருமோ, எந்த சுருதி எட்டுமோ, அதற்குள்தான் மெட்டுப் போட வேண்டும். கதாநாயகிக்குக் கீழ் சுருதி போகாது என்றால், சோகப் பாட்டையும் உச்சத்தில்தான் பாடுவாள்.

நடிக்க ஒருவர், பாட ஒருவர் என்ற முறை மெல்ல மெல்ல வந்தது. 1938-ல் ஏவி.எம். செட்டியார் எடுத்த "நந்தகுமார்" படத்தில், ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் என்பவர் பாடினார். தமிழில் இது முதல் முயற்சி என்று சொல்லப்படுகிறது. 1945-ல் "ஸ்ரீவள்ளி" வந்தது. அதில் வள்ளியாக நடித்த குமாரி ருக்மணி சொந்தக் குரலில் பாடியிருந்தார். படம் முடிந்த பிறகு, பாட்டு போதாது என்று செட்டியாருக்குத் தோன்றியது. பி.ஏ.பெரியநாயகியைப் பாட வைத்து, அந்தக் குரலை ருக்மணியின் வாய் அசைவுக்குப் பொருத்தினார்கள். பெரியநாயகியின் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வேறொருத்தி எப்போதோ அசைத்த உதட்டுக்குத் தக்கபடி பாட வேண்டும்!

பிறகு செட்டியார் காரைக்குடியிலேயே ஸ்டூடியோ அமைத்தார். அங்கே எடுத்த "நாம் இருவர்" படம் 1947-ல் வெளிவந்து சக்கைப் போடு போட்டது. அதில் பாரதியார் பாடல்களுக்கு இசை அமைத்தவர் ஆர்.சுதர்சனம். புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் சுமார் 40 கிலோமீட்டர்தான். அந்த நாளில் புதுக்கோட்டை தனி சமஸ்தானம். தொண்டைமான் ராஜா ஆண்டுகொண்டிருந்தார். 1948-ல்தான் அது இந்தியாவுடன் சேர்ந்தது.

சின்னப்பா அப்போது புகழின் உச்சியில் இருந்தார். சினிமாவில் சம்பாதித்த பணத்தை எல்லாம் சொந்த ஊரில் வீடு வாங்கிப் போட்டார். "இனிமேல் சின்னப்பா வீடு வாங்கக்கூடாது" என்று சமஸ்தானத்தில் உத்தரவே போட்டார்கள் என்று ஒரு கதை உண்டு.

ஆர்மோனியக்காரர்

திருச்சிக்குப் பக்கத்தில் பிச்சாண்டார்கோவில் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஜி.ராமநாதன் அங்கே பிறந்தவர். ஆர்மோனியத்தில் தேர்ந்தவர். கர்நாடக சங்கீதம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ்ப் படங்களில் "சங்கீத டைரக்டர்" என்ற பதவிக்கே ஒரு மதிப்பு வந்தது அவரைப் போன்ற சிலரால்தான்.

1940-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் "உத்தமபுத்திரன்" என்ற படத்தை எடுத்தது. டைரக்ஷன் டி.ஆர்.சுந்தரம். பிரெஞ்சு எழுத்தாளர் டூமாவின் நாவலில் வரும் இரும்பு முகமூடிக் கைதியின் கதைதான், தமிழ் உடை உடுத்திக்கொண்டு வந்தது. ராஜாவுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒருவன் அரண்மனையில் வளர்ந்து கெட்டவன் ஆகிறான். மற்றவன் வெளியே வளர்ந்து நல்லவன் ஆகிறான். இரண்டும் சின்னப்பா! தமிழ்ப் படத்தில் இரட்டை வேடம் வந்தது அதுவே முதல் தடவை. கதாநாயகி எம்.வி.ராஜம்மா. சங்கீத டைரக்டர் ஜி.ராமநாதன்.

சின்னப்பாவின் பாட்டு சின்னப்பாவின் குரலில்தான். நாடக மேடையில் முறுக்கேறிய கனத்த குரல். ராமநாதன் அந்தக் குரலுக்கு மெட்டுப் போட்டார். ஆளை அறிந்து தைத்த சட்டை அது.

18 ஆண்டுகள் போயின. 1958-ல் அதே கதையை மறுபடி எடுத்தார்கள். அதே "உத்தமபுத்திரன்" என்ற பெயர். வீனஸ் பிக்சர்ஸ் படம், டைரக்ஷன் டி.பிரகாஷ்ராவ், வசனம் ஸ்ரீதர். இரட்டை வேடத்தில் சிவாஜி கணேசன். கதாநாயகி பத்மினி. தாய் ராணியாக வந்தவர் பி.கண்ணாம்பா. 1942-ல் "கண்ணகி" படத்தில் சின்னப்பாவின் மனைவியாக வந்து நீதி கேட்டாரே, அதே கண்ணாம்பா!

சங்கீத டைரக்டர் யார்? அதே ஜி.ராமநாதன்!

ஒரே கதைக்கு, ஒரே மனிதர், இரண்டு முறை இசை அமைத்தார். இந்த முறை அவருக்கு முன்னால் ஒரு புதுச் சிக்கல் நின்றது.

ஒரு குரல், இரண்டு பேர்

சிவாஜி பாடமாட்டார். அவருக்காக டி.எம்.சௌந்தரராஜன் பாடுவார். 1954-ல் "தூக்குத் தூக்கி" படத்தில் இந்த ஜோடியைச் சேர்த்து வைத்தவரே ராமநாதன்தான். ஆக, கதாநாயகனுக்கு எது வரும், எது வராது என்ற கவலை விட்டது. எந்த உச்சத்துக்கு வேண்டுமானாலும் மெட்டுப் போடலாம்.

ஆனால் நல்ல பார்த்திபனும் சிவாஜி; கெட்ட விக்கிரமனும் சிவாஜி. முகம் ஒன்று. குரலும் ஒன்று. நடையிலும் பார்வையிலும் வித்தியாசம் காட்டுவது சிவாஜியின் பொறுப்பு. பாட்டில் வித்தியாசம் காட்டுவது யார் பொறுப்பு?

ராமநாதன் காட்சியை அளவெடுத்தார். பார்த்திபன் காதலியோடு பாடும்போது, நம் ஊர் ராகத்தின் குழைவு. மெல்லிய தாளம். விக்கிரமன் மதுக்கிண்ணத்தோடு ஆட்டக்காரிகள் நடுவே நிற்கும்போது, மேல்நாட்டுத் தாளம்! மெதுவாக ஆரம்பித்து, சடாரென்று வேகம் எடுத்து, கைதட்டலும் கும்மாளமுமாகப் பாட்டு பாயும். ஹெலன் வந்து ஆடுவார். அந்த நாளில் அமெரிக்காவை ஆட்டிக்கொண்டிருந்த ராக் அண்ட் ரோல், தமிழ்நாட்டு அரண்மனைக்குள் நுழைந்தது இப்படித்தான்! கர்நாடக சங்கீதத்தில் ஊறிய ஒருவர் போட்ட மெட்டா இது என்று கேட்டவர்கள் வியந்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்கூடப் பாடுகிறவன் பார்த்திபனா, விக்கிரமனா என்று சொல்லிவிடலாம். குரல் ஒன்றாக இருந்தும் ஆளைப் பிரித்துக் காட்டியது இசை. 1940-ல் சின்னப்பாவின் தொண்டை செய்த வேலையில் ஒரு பங்கை, 1958-ல் சங்கீத டைரக்டரே செய்ய வேண்டியதாயிற்று.

சின்னப்பா இதைக் கேட்க உயிரோடு இல்லை. 1951 செப்டம்பர் 23-ந் தேதி அவர் புதுக்கோட்டையில் திடீரென்று காலமானார். வயது 35தான். அவர் நடித்த "சுதர்சன்" படம் அவர் போன பிறகே திரைக்கு வந்தது. பாடத் தெரிந்தவனே கதாநாயகன் என்ற காலமும் அவரோடு மங்கத் தொடங்கியது. பிறகு வந்த நடிகர்களுக்கு வசனம் பேசத் தெரிந்தால் போதும். சண்டை போடத் தெரிந்தால் போதும். "சின்னப்பாவுக்கு இன்னும் இருபது வருஷம் ஆயுள் இருந்திருந்தால்?" என்று பழைய ரசிகர்கள் ஆதங்கப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அதே நேரத்தில், கதாநாயகனின் தொண்டையிலிருந்து விடுபட்ட பிறகுதான் சினிமா இசைக்குச் சிறகு முளைத்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனிய பாட்டு, கொலைகாரன் கை

காட்சிக்கு இசை என்றால் என்ன?

சோகம் என்றால் முகாரி, தாலாட்டு என்றால் நீலாம்பரி, வீரம் என்றால் அடாணா என்று நம்மவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி மட்டும் போனால் பாட்டு இருக்கும், காட்சி செத்துவிடும்.

1950-ல் வந்த "மந்திரி குமாரி" இதற்கு நல்ல உதாரணம். குண்டலகேசிக் கதையைக் கொண்டு மு.கருணாநிதி எழுதிய படம். இசை ஜி.ராமநாதன். கெட்டவன் தன் மனைவியை மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். அங்கிருந்து அவளைத் தள்ளிக் கொல்வது அவன் திட்டம். போகும் வழியில் இருவரும் பாடுகிறார்கள்.

கொலைக் காட்சிதானே, பயங்கரமான மெட்டாகப் போட்டால் என்ன? போட்டிருந்தால் மனைவிக்கு அப்போதே தெரிந்துபோயிருக்கும்! ராமநாதன் தேன் போன்ற மெட்டைப் போட்டார். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடினார்கள். அவளுக்கு அது காதல் பாட்டு. படம் பார்க்கிற நமக்கோ வயிற்றைக் கலக்குகிறது. மெட்டு எவ்வளவு இனிக்கிறதோ, அவ்வளவு பயம் ஏறுகிறது. உச்சியில் அவன் எண்ணம் வெளிப்படுகிறது. கணவனைக் கடைசியாக மூன்று முறை வலம் வர வேண்டும் என்று அவள் கேட்கிறாள். பின்னால் வந்ததும் அவனையே தள்ளிவிடுகிறாள்!

70 ஆண்டுகள் தாண்டிய பிறகும் அந்தப் பாட்டு ரேடியோவில் ஒலிக்கிறது. வெறும் பாட்டாகக் கேட்டால் இனிமை. படத்தோடு கேட்டால் வேறு பாட்டு.

ஆர்மோனியமும் வெற்றிலைப் பெட்டியும்

ஒரு பாட்டு உருவாகும் இடம் பெரும்பாலும் ஒரு சிறு அறை. கீழே பாய் விரித்திருக்கும். ஆர்மோனியம், தபேலா, ஒரு வெற்றிலைப் பெட்டி. டைரக்டர் காட்சியைச் சொல்வார். யார் பாடுகிறார்? யாரிடம் பாடுகிறார்? முந்தின காட்சியில் என்ன நடந்தது? பாட்டு முடிந்ததும் என்ன நடக்கும்? கடைசிக் கேள்விதான் முக்கியம். பாட்டு முடிந்ததும் சாவு வருமானால், அதன் நிழல் பாட்டிலேயே எங்காவது விழ வேண்டும்.

இசை அமைப்பாளர் "தன்னன்னா" என்று தத்தகாரம் பாடிக் காட்டுவார். கவிஞர் அந்த அளவுக்குச் சொல் போடுவார். சில நேரம் சொல் முதலில் வரும். மெட்டுப் பிறகு வரும்.

இதில் மின்னல் வேகம் காட்டியவர் கண்ணதாசன். சினிமாவில் புகழ் பெறுவதற்கு முன் அவர் புதுக்கோட்டையில் இருந்தவர். அங்கே "திருமகள்" பத்திரிகைக்கு ஆசிரியராக வேலை பார்த்தார். பிறகு சென்னையில், எம்.எஸ்.விசுவநாதன் மெட்டைச் சொல்லச் சொல்ல, அவர் வரிகளை வாயால் சொல்வார். உதவியாளர் எழுதிக்கொள்வார். அப்படி எழுதிய உதவியாளர்களில் ஒருவர் பஞ்சு அருணாசலம். அவர்தான் பின்னால் 1976-ல், "அன்னக்கிளி" படத்தில் இளையராஜாவை அறிமுகப்படுத்தினார்.

விசுவநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து 1952 முதல் 1965 வரை இரட்டையர்களாக இசை அமைத்தார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் என்ன நடக்கும் என்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள், 1964-ல் வந்த "சர்வர் சுந்தரம்" படத்தைப் பார்க்கலாம். நாகேஷும் கே.ஆர்.விஜயாவும் பாட்டுப் பதிவைப் பார்க்கப் போகும் காட்சி அதில் வருகிறது. விசுவநாதன் கையை வீசி வாத்தியக்காரர்களை நடத்துகிறார். சௌந்தரராஜன் மைக் முன்னால் நின்று பாடுகிறார். எப்போதும் திரைக்குப் பின்னால் இருக்கிற கூட்டம், அந்த ஒரு பாட்டில் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது!

சொல் இல்லாத இசை

பாட்டு எல்லோருக்கும் தெரியும். யாரும் கவனிக்காத இசை ஒன்று உண்டு. அதுதான் பின்னணி இசை. அம்மா கடிதத்தைப் பிரிக்கிறாள். ஒரு பிடில் லேசாக இழைகிறது. திருடன் வருகிறான், தாளம் பதுங்குகிறது. படம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர், "அழுகை வந்துவிட்டது" என்பார். பிடில் வாசித்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

இந்த வேலை படம் எல்லாம் முடிந்த பிறகு நடக்கும். "ரீ-ரிக்கார்டிங்" என்பார்கள். பிலிம் காலத்தில் இதற்குக் கடுமையான கணக்கு உண்டு. பிலிமில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடும். ஒரு நிமிஷத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி கொண்ட ஒரு ரீல் ஓடுவதற்கு 11 நிமிஷம். 15 ஆயிரம் அடிப் படம் என்றால் முக்கால் மணி குறைய மூன்று மணி நேரம் அல்ல. கால் மணி குறைய மூன்று மணி நேரம்! இத்தனைக்கும் எங்கே இசை வேண்டும், எங்கே வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டும்.

ரீலைத் திரையில் ஓட்டுவார்கள். இசை அமைப்பாளர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்ப்பார். கதவு திறக்க 4 விநாடி. அவள் திரும்பிப் பார்க்க 7 விநாடி. கண்ணீர் விழ இன்னும் 3 விநாடி. இந்த 14 விநாடிக்குள் இசை பிறந்து, வளர்ந்து, கண்ணீர் விழும் இடத்தில் நின்றுவிட வேண்டும். ஒரு விநாடி முந்தினால் அழுகை போலியாகிவிடும். பிந்தினால் சிரிப்பு வரும்! மறுபடி ரீலை ஓட்டுவார்கள். இந்த முறை வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள். நடத்துகிறவரின் கண் திரையில் இருக்கும். கை காற்றில் இருக்கும்.

வாத்தியக்காரர் முன்னால் தாளில் சுரங்கள் எழுதியிருக்கும். சொல் கிடையாது, சுரம் மட்டும்.

சொல் இல்லாமல் சுரத்தை மட்டும் எழுதி வைப்பது புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிது அல்ல. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை இருக்கிறது. அங்கே குகைக் கோவிலை ஒட்டிய பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு உண்டு. 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர்கள் பலரின் கணிப்பு. வெட்டியவர் மகேந்திரவர்ம பல்லவர் என்று சிலர் சொல்கிறார்கள். அதை மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு சுரங்களாக வரிசை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். சீடர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது. கல்லில் எழுதியதால் 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. ரீ-ரிக்கார்டிங்குக்கு எழுதிய தாள்களில் எத்தனை, வேலை முடிந்த அன்றே குப்பைக்குப் போயின!

நாயனக்காரர் நடிகர்

1968-ல் "தில்லானா மோகனாம்பாள்" வந்தது. இசை கே.வி.மகாதேவன். கதாநாயகன் நாதஸ்வர வித்துவான். சிவாஜிக்காக வாசித்தவர்கள் மதுரை சேதுராமன்-பொன்னுசாமி சகோதரர்கள். இசை முதலில் பதிவாயிற்று. அதற்குத் தக்கபடி சிவாஜி மூச்சை அடக்கினார், கன்னம் உப்பினார், விரலை ஓட்டினார். தஞ்சாவூர்க்காரர்களே "உண்மையான நாயனக்காரர்" என்று சொல்லும்படி செய்தார். 24 ஆண்டுகளுக்கு முன் சின்னப்பா மிருதங்கத்தில் செய்த அதே வேலை!

இளையராஜா வந்த பிறகு பின்னணி இசைக்கே ரசிகர் கூட்டம் உண்டாயிற்று. மதுரைப் பக்கம் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். ரீலைப் பார்த்துவிட்டு, ஆர்மோனியத்தைக்கூடத் தொடாமல், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய சுரங்களை மளமளவென்று தாளில் எழுதிவிடுவார். "பழசிராஜா", "தாரை தப்பட்டை" ஆகிய படங்களின் பின்னணி இசைக்கு என்றே அவருக்கு தேசிய விருது கிடைத்தது. இரண்டாவது படம் கரகாட்டக்காரர்களின் வாழ்க்கையைச் சொல்வது. இசையில் மௌனத்தை எங்கே வைப்பது என்று அறிந்தவர் அவர். எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிட்டு, ஒரு புல்லாங்குழலை மட்டும் விடுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

1992-ல் "ரோஜா" வந்தது. ஏ.ஆர்.ரகுமான் கம்ப்யூட்டரோடு வந்தார். இப்போது ரீலும் இல்லை. ஆயிரம் அடிக் கணக்கும் இல்லை. படமும் இசையும் ஒரே பெட்டிக்குள் ஓடுகின்றன. ஒரு விநாடியைப் பத்தாக, நூறாகப் பிரித்து, வேண்டிய இடத்தில் சத்தத்தை உட்கார வைக்கலாம். பிடில்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து வாசித்த இடத்தில், பல நேரம் ஒரே ஒருவர் விரலால் பொத்தானைத் தட்டுகிறார். வேலை சுலபமாயிற்று. தினமும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் வயிறு வளர்த்த வாத்தியக்காரர்கள் பலருக்குப் பிழைப்புப் போயிற்று. அந்தக் கணக்கை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

ஜி.ராமநாதன் இதையெல்லாம் பார்க்கவில்லை. "வீரபாண்டிய கட்டபொம்மன்", "கப்பலோட்டிய தமிழன்" படங்களுக்கு இசை அமைத்துவிட்டு, 1963-ல் மறைந்தார்.

"ஜகதலப்பிரதாபன்" படக் காட்சி இன்று செல்போனிலேயே கிடைக்கிறது. படம் பழசு, ஓசையும் தேய்ந்துவிட்டது. அடுத்த முறை பார்க்கும்போது பாடுகிற சின்னப்பாவை விட்டுவிடுங்கள். மிருதங்கத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சின்னப்பாவின் கையை மட்டும் பாருங்கள்.